சுண்ணாம்பு தடவாத கலயம்

“எனக்குக் கேப்டன் பதவி வேண்டும் சார்.” பொங்கலுக்கு முன்னால் இதே அறைக்கு வந்து உங்களிடம் இப்படித்தான் கேட்டேன். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. இந்த வேலையில் யாரும் அதைக் கேட்பதில்லையாம். வரிசைப்படி வருமாம். நீங்களும் சிரித்துக்கொண்டே, “இதெல்லாம் கேட்டு வாங்குறது இல்லம்மா கிருஷ்ணவேணி, தானா வரும்” என்று சொல்லிவிட்டு எனக்கு டீ வரவழைத்தீர்கள். நல்ல டீ. பயிற்சித் தலைவராக இருந்துகொண்டு ஒரு கோ-பைலட்டுக்கு டீ வரவழைப்பவர்கள் குறைவு, கேப்டன் ஆரோக்கியராஜ். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். எதையும் முகத்துக்கு நேரே சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஃபர்ஹீன் மூச்சுப் பரிசோதனையில் மாட்டிய அன்று அவளோடு காரில் வந்தவள் நான் என்பதால், அவள் இருமல் மருந்து குடித்ததைப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். பார்க்கவில்லை. அவள் இருமல் மருந்து எதுவும் குடிக்கவில்லை.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் வந்தவர்களில் யார் மூத்தவர்? உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஆங்கில அகரவரிசைப்படி எழுதிவிட்டார். எஃப் முன்னால், கே பின்னால். கோபத்தில் நான் தமிழில் எழுதிப் பார்த்தேன். அங்கேயும் ஆய்த எழுத்து ககரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு எழுத்துதானே என்று உங்களுக்குத் தோன்றும். பாதி விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நிற்கிற கம்பெனியில் ஒரு எழுத்து என்பது பல வருஷம். இந்த வருஷம் கேப்டனுக்கு ஒரே ஒரு இடம். அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சீனுவாசனுக்கு விக்கிரவாண்டிக்கு உள்ளே தள்ளி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம். வரப்பு முழுக்கப் பனை. சீசனில் பதநீர் இறக்கி ரோட்டோரம் விற்பார். நான் விமானம் ஓட்டுகிறேன் என்றதும் ஊரே வந்து பார்த்தது. அப்புறம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். என் மாமா குமரேசன் லாரி ஓட்டுகிறவர். பந்தியில் எல்லாரும் கேட்கும்படி விசாரித்தார்.

“ஏம்மா, நீதான் ஓட்டுறியா, இல்ல பக்கத்துல உக்காந்துகினு வர்றியா?”

“கோ-பைலட் மாமா. நானும் ஓட்டுவேன்.”

“பக்கத்து சீட்டுன்னா அது கிளீனரும்மா. எங்க வண்டியிலயும் ஒருத்தன் இருக்கான். ரோடு காலியா இருந்தா அவனும்தான் ஓட்டுவான்.”

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் நான் மறக்கவில்லை. அதிலிருந்து எங்கள் ஊரில் என் பெயர் பிளேன் கிளீனர். பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயிலில், எங்கேயும் அதுதான். காலையில் மூன்று ஊர், மாலையில் இரண்டு ஊர், நடுவே ஆறிப்போன இட்லி. இவ்வளவும் செய்துவிட்டு ஊருக்குப் போனால் கிளீனர்.

ஃபர்ஹீன் நல்லவள். இதை நான் மறைக்கவில்லை. கோட்டக்குப்பத்திலிருந்து அவள் காரில் வருவாள். நான் விக்கிரவாண்டியிலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்பேன். நிறுத்தியதும் இடப்பக்கக் கதவை உள்ளேயிருந்தே திறந்துவிடுவாள். விமானத்தில் கேப்டன் உட்காருவது இடப்பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். காரில் அந்தப் பக்கம் ஓட்டாதவர் உட்காருவது. அதை வைத்து அவளுக்கு ஒரு தீராத ஜோக்.

“ஏறுங்க கேப்டன். லெஃப்ட் சீட்டு உங்களுக்குத்தான். நான் வெறும் டிரைவரு.”

முதல் வருஷம் சிரித்தேன். இரண்டாவது வருஷமும் சிரித்தேன். இந்த வருஷம், அந்த ஒரே இடம் தனக்கு என்று தெரிந்த பிறகும், அவள் அதையே சொன்னாள். கேலி செய்யவில்லை. கேலி செய்யத் தெரியாதவள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதநீரைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் மறுநாள் காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். அதே மரம், அதே பாளை, அதே கலயம்தான். பதநீரை ரோட்டில் வைத்து விற்கலாம். கள் என்றால் போலீஸ் வரும். அதனால் அப்பா சுண்ணாம்பு விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார், என்னைத் தவிர. சின்ன வயசிலிருந்து கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது என் வேலை. லீவில் போனால் இன்றைக்கும் நான்தான் தடவுவேன்.

அந்தச் சித்திரை மாதம் ஒரு கலயத்துக்கு மட்டும் தடவவில்லை.

காலையில் இறக்கும்போதே அப்பா மூக்கைச் சுளித்தார். “ஏம்மா, இது ஒண்ணு பொங்கிக்கினு இருக்குதே. சுண்ணாம்பு வெச்சியா இல்லியா?”

“விட்டுப்போச்சு போலப்பா.”

“கொட்டிடு. யார்னா பார்த்தா பேஜாரு.”

கொட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். நான் எதையும் கலக்கவில்லை சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சேர்க்க வேண்டிய ஒன்றைச் சேர்க்காமல் விட்டேன், அவ்வளவுதான். என் பெயரை உங்கள் அலுவலகம் பின்னால் விட்ட மாதிரி. மீதியை வெயில் செய்தது. புளிப்பு தெரியாமல் இருக்க நல்ல பதநீரும் கொஞ்சம் ஊற்றி, இளம் நுங்கு வழித்துப் போட்டேன். அதைக் கலப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வேறு யாரிடமும் இது நடக்காது. எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் பாட்டிலைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். கள்ளின் வாசனையே தெரியாத வீட்டில் பிறந்தவள் அவள். அதனால்தான் அவளுக்குச் சரியாக இருந்தது.

அச்சிறுபாக்கம் தாண்டியதும் பாட்டிலைக் கொடுத்தேன். ஓரமாக நிறுத்திவிட்டுக் குடித்தாள்.

“என்னடி வேணி, லேசா புளிக்குது?”

“வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும். உடம்புக்கு நல்லது. குடி.”

“நீ குடிக்கல?”

“நான் காலையிலயே குடிச்சிட்டேன்.”

அடியில் தங்கிய நுங்கைக்கூட விரலால் எடுத்துச் சாப்பிட்டாள். “உங்க அப்பாகிட்ட சூப்பரா இருந்துச்சுன்னு சொல்லு” என்றாள். சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம்.

ஏர்போர்ட்டில் மூச்சுப் பரிசோதனை என்ன காட்டியது என்பது உங்களிடம் இருக்கிறது. முதல் தடவை ஊதியபோது மெஷின் ரிப்பேர் என்று சிரித்தாள். காக்கவைத்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இரண்டாவது தடவை அவள் சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மெஷின் பிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பீர்கள். அதையும் யோசித்திருந்தேன். அன்று அவளுக்குத் தூத்துக்குடி. விமானம் நிறைய ஆட்கள், இரண்டு கைக்குழந்தைகள். எனக்கு சேலம். மெஷின் பிடிக்காமல் போயிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் விமானத்துக்குப் போயிருப்பேன்.

வேறு யாராக இருந்தாலும் மூன்று மாத சஸ்பென்ஷனை வீட்டில் கழித்துவிட்டு வருவார்கள். அவளுக்கு அதோடு முடியவில்லை. கோட்டக்குப்பத்தில் அவள் அம்மா ஜமீலா பீவி இப்போது தெருவில் இறங்குவதில்லை. நான் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கூடவே இருந்தியேம்மா, எம் புள்ள குடிச்சாளா? நீ சொன்னா நான் நம்புறேன்” என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது அம்மா என்றேன். துபாயிலிருக்கும் அவள் அப்பா அமீர் பாட்சா மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவளைப் பைலட்டுக்குப் படிக்க வைக்க அத்தனை சொந்தக்காரர்களிடமும் சண்டை போட்டவர் அவர். இதெல்லாம் நடக்கும் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

இடம் எனக்கு வந்தது. மறுபடி கேட்காமலேயே, நீங்கள் சொன்ன மாதிரி தானாக வந்தது. பயிற்சியும் முடியப்போகிறது. கிளீனர் என்று கூப்பிட்ட மாமாவே மாலை வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு ஏன் சொல்கிறாய் என்றுதானே பார்க்கிறீர்கள். மனசாட்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சற்று முன் வெளியே நாற்காலியில் ஃபர்ஹீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வேணி, அன்னிக்கு நீ குடுத்தது புளிச்சிருந்துச்சுல்ல, அதாண்டி காரணம். ரொம்ப நாளைக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிடுச்சு.”

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“பாவம், உங்க அப்பா தெரியாம ஒரு பானைய வுட்டுட்டாரு போல. வெளிய தெரிஞ்சா கள்ளு எறக்குனாருன்னு உள்ள வெச்சிடுவாங்க. அதான் இருமல் மருந்துன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதையே சொல்லிடு. என்னா, கோவமா?”

கோபம்தான். அவள் இடம் போய், வீட்டு மானம் போய், அப்பன் பேச்சும் போய், அதற்கு மேலும் என் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் அவளைக் கேட்கவில்லை. அவள் போட்ட பிச்சையில் நான் இடப்பக்க சீட்டில் உட்கார வேண்டுமா? அது நான் ஜெயித்த சீட். அவள் கொடுத்ததாக ஆகக் கூடாது.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு தடவாமல் விட்டது என் அப்பா இல்லை, நான். மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். ஃபர்ஹீன் பதநீர் என்றுதான் குடித்தாள். தோளில் இருந்த பட்டைகளைக் கழற்றி உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். நீங்கள் டீ வரவழைக்க வேண்டாம்.

ஃபர்ஹீன் கீழே முன்வாசலில் காரோடு நிற்கிறாள். “ஜல்தியா முடிச்சிட்டு வாடி, திண்டிவனத்துல எறக்கிவுட்டுட்டுப் போறேன்” என்று சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பினாள். இடப்பக்கக் கதவை இந்நேரம் திறந்தே வைத்திருப்பாள். நான் சொன்னதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பயந்துகொண்டு சொல்லவில்லை, அவள் மனசு கஷ்டப்படுமே என்றுதான். நான் பஸ்ஸில் போவது என்று உள்ளே வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிளம்புகிறேன், எழுந்திருக்க வேண்டாம். சார், இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் எந்தப் பக்கம்?