ஒற்றைப்படை இரவுகள்

— அந்த வார்த்தைய நீதான் டைப் பண்ணினியா, இல்ல போனே தானாப் போட்டுக்கிச்சா?

— எந்த வார்த்தைக்கா?

— தெரியாத மாதிரி கேக்காத ஜெய்னு. நோம்பு வச்சிருக்க. நீ பணம் அனுப்பறப்பல்லாம் அதுக்குக் கீழ ‘ஜக்காத்’துன்னு ஒரு வார்த்த வருதே, அது.

— அதுவா... அது எனக்குன்னு போட்டுக்கிட்டதுக்கா. எதுக்குப் போச்சுன்னு ஒரு ஞாபகத்துக்கு. எம் போன்ல மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்.

— எம் போன்லயும் தெரியுதுடா. கம்பெனி பஸ்ல சேதராப்பட்டு போறப்ப பக்கத்துல அஞ்சலாட்சி உக்காந்திருந்தா. எங்கூட சோப்பு பேக்கிங்ல இருக்கறவ. அவதான் எழுத்துக்கூட்டிப் படிச்சா. ‘ஜக்காத்துன்னா என்னாக்கா, தம்பி சீரு அனுப்பிச்சா உங்கள்ல அப்படித்தான் சொல்வீங்களா’ன்னு கேட்டா.

— நீ என்னா சொன்ன?

— ஆமான்னுட்டேன். ஏழபாழைக்குக் கணக்குப் பாத்துக் குடுக்கற தர்மம்னா சொல்லச் சொல்ற?

— அக்கா...

— மொதல்ல கைத்தவறிப் போட்டுட்டன்னுதான் நெனச்சேன். நோம்பு இருபத்துமூணாம் கிழமை ராத்திரிக்கும் வந்துச்சு, அதே வார்த்த. இருபத்தஞ்சுக்கும் வந்துச்சு. நேத்து, இருபத்தேழு, பெரிய ராத்திரி. அன்னிக்காவது எந்தம்பி அந்த வார்த்தைய வுட்டுடுவான்னு போனையே பாத்துக்கினு இருந்தேன்.

— அதுக்குன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவியா? ராத்திரி பூரா பள்ளியில நின்னு தொழுதுட்டு, விடியறதுக்கு முன்ன சஹர் சோறு திங்க வந்து போனப் பாத்தா பணம் திரும்பி வந்திருக்கு. சோறு எறங்கல. ஒரு வாய் தண்ணியோட நோம்பு வச்சிக்கினு வந்திருக்கேன்.

— அதான் இந்த வெயில்ல முல்லா வீதிலேர்ந்து கோட்டக்குப்பத்துக்கு ஓடியாந்தியா? ஃபேனுக்குக் கீழ உக்காரு. மயக்கம் போட்டு வுழுந்தா உம் பொண்டாட்டி என்னத்தான் கேப்பா.

— வெளையாடாதக்கா. நான் எதையும் மொறை தவறிச் செய்யலியே. வருசா வருசம் ஜக்காத்த ஒத்தப்படை ராத்திரியா பிரிச்சுத்தான் குடுக்கறேன். ஆயிரம் மாச நன்மை கெடைக்கற லைலத்துல் கத்ரு எந்த ராத்திரின்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு தப்பினாலும் இன்னொண்ணுல மாட்டுமில்ல.

— மாட்டுமா? என்னா, தூண்டில் போட்டு மீனா புடிக்கற?

— நீ எதச் சொன்னாலும் இப்படித்தான்.

— இரு. வருசா வருசம்னியே. அப்ப போன வருசம் கவர்ல வச்சுக் குடுத்தது?

— ஃபேன இன்னும் கொஞ்சம் வேகமா வையேன்க்கா.

— பேச்ச மாத்தாதடா.

— அதுவுந்தான்.

— அதுக்கு முந்தின வருசம்?

— எல்லாந்தான்க்கா. மச்சான் மவுத்தானதுலேர்ந்து.

— அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப செலவு பாத்தியே, அது?

— அது இல்ல. அல்லா மேல ஆணையா அது இல்ல. அது நான் என் மச்சானுக்குப் பாத்தது. அதையும் இதையும் ஒண்ணாக்காத.

— சரி, நம்பறேன். ராப்பகலா நீதான் கூட நின்ன, அத மறந்தா நான் மனுஷியே இல்ல. ஆனா மத்ததெல்லாம் சீருன்னுதானடா வாங்கினேன்! போன பெருநாளைக்கு மயில் கழுத்துக் கலர்ல பொடவ எடுத்துக் கட்டிக்கினு, ‘எந்தம்பி எடுத்துக் குடுத்தது’ன்னு தெருவுல ஒரு வூடு பாக்கி இல்லாம காட்டினேன். ஜக்காத்துப் பொடவையக் கட்டிக்கினு பீத்திக்கினு திரிஞ்சிருக்கேன்.

— அதனாலதான்க்கா சொல்லல. வாங்கறவங்ககிட்ட இது ஜக்காத்துன்னு சொல்லணும்னு கட்டாயமில்ல. குடுக்கறவன் மனசுல அந்த எண்ணம், நிய்யத்து, இருந்தாப் போதும். உம் மனசு நோவக் கூடாதுன்னுதான மறைச்சேன்? பள்ளி ஹஜ்ரத்தக் கேட்டுத்தான் செஞ்சேன். கூடப் பொறந்தவ கஷ்டப்பட்டா தாராளமாக் குடுக்கலாம், ரெண்டு நன்மைன்னாரு. தர்மம் செஞ்ச நன்மை ஒண்ணு, சொந்தத்த ஆதரிச்ச நன்மை ஒண்ணு.

— ஒரே பணத்துல ரெண்டு. உனக்கு ஏவாரம் தெரியாதுன்னு எவன் சொன்னான்?

— அக்கா!

— அந்த ஹஜ்ரத்துகிட்ட, அத்தா வுட்டுட்டுப்போன பெயிண்ட் கடையில எங்கக்காவுக்கும் பங்கு இருக்குன்னு சொன்னியா?

— அவரு அதக் கேக்கல.

— நீ சொன்னியா?

— அவரு கேக்கலக்கா.

— மூணுல ஒண்ணு, ஜெய்னு. உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. நீயும் நானும் போட்ட கணக்கா? அல்லா போட்ட கணக்கு. தொழுகையில ஒரு ரக்அத்து கொறஞ்சாத் திரும்பத் தொழறவன் நீ. இதுல மட்டும் எப்படிடா கண்ணு தெரியாமப் போச்சு?

— அத்தா மவுத்தானப்ப கடையில என்னா இருந்துச்சு? காஞ்சுபோன டப்பாவும் கடன்காரனுங்களும். ஒண்டியா நின்னு தூக்கி நிறுத்தினேன்க்கா. அப்ப நீ ஒரு வார்த்த கேக்கலியே.

— கேக்கல. உன்னக் கஷ்டப்படுத்த வேணாம்னு இருந்தேன். கடன்லாம் அடைஞ்சுது, மேல மாடி கட்டின. அப்பவும் கேக்கல. எந்தம்பி அவனாக் கூப்புட்டு, ‘இந்தாக்கா, இது உன்னுது’ம்பான்னு இருந்தேன். நீ கூப்புட்டுக் குடுத்ததுதான். என்னுதுன்னு மட்டும் சொல்லல.

— இப்ப என்னா பண்ணணுங்கற?

— நான் ஒண்ணும் பண்ணச் சொல்லல. வந்தது நீ.

— ஏன் வந்தேன்னு சொல்லட்டா? நேத்து பயான்ல ஹஜ்ரத்து சொன்னாரு, உறவ அறுத்தவனுக்கு அந்த ராத்திரியிலகூட மன்னிப்பு கெடையாதுன்னு. நான் அழுதேன்க்கா. ‘யா அல்லா, நான் அப்படிப்பட்டவன் இல்ல, எங்கக்காவக் கைவுடல’ன்னு துஆ கேட்டு அழுதேன். வூட்டுக்கு வந்து பாத்தா நீ பணத்தத் திருப்பியிருக்க. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் இத்தன வருசம் குடுத்தது ஜக்காத்தாவே சேந்துச்சா இல்லியான்னுகூட இப்பத் தெரியல. ‘உன்ன மன்னிச்சேன்’னு ஒரு வார்த்த சொல்லுக்கா.

— அழாத. நோம்பு நேரத்துல தொண்ட வறண்டுடும்.

— சொல்லுக்கா.

— மன்னிச்சதாலதான்டா நேத்து என்னால தூங்க முடிஞ்சுது.

— நெசமாவா?

— நெசமாத்தான்.

— அப்ப நானும் சொல்றேன், கேட்டுக்க. பெருநாள் முடிஞ்சதும் கடை எடத்த அளக்க ஆளக் கூட்டியாரேன். நல்லா ஓடறதே முன்பக்கந்தான். இருந்தாலும் உனக்கு எந்தப் பக்கம் புடிக்குதோ எடுத்துக்க. எம் பொண்டாட்டி ரெண்டு நாளு மூஞ்சத் தூக்குவா, நான் பாத்துக்கறேன். உன் பங்கு உன் கைக்கு வந்துடும்.

— எனக்கு ஏது பங்கு?

— இப்பத்தானக்கா மூணுல ஒண்ணுன்ன?

— இருந்துச்சு. இப்ப இல்ல.

— வித்துட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம?

— விக்கல. நேத்து தொழுதுட்டு, முசல்லாப் பாயில உக்காந்துக்கினே சதக்காவாத் தர்மம் பண்ணிட்டேன். மனசார. இனிமே அதத் திருப்பி வாங்கறதா இல்ல.

— அல்லாவே! நீ சோப்புக் கம்பெனியில நின்னுக்கினே வேல செய்யறவ, உனக்கு எதுக்குக்கா இந்த வேல? யாருக்கு? பள்ளிக்கா?

— பள்ளிக்கு இல்ல. ஒரு ஆளுக்கு.

— இல்லாதப்பட்ட ஆளான்னு விசாரிச்சியா? ஊருல ஏமாத்தறவனுங்க ஜாஸ்தி.

— விசாரிக்கத் தேவையில்ல. ரொம்ப நாளா அந்த ஆளு அடுத்தவங்க சொத்துலதான் ஜீவனம் பண்ணிக்கினு இருக்காரு. வாய் வுட்டுக் கேக்கத்தான் வெக்கம். பாவமா இருந்துச்சு.

— நாளைக்கு அவன் வந்து எங் கடையில பங்கு கேட்டு நின்னா நான் என்னா பண்ணுவேன்? யாருக்கா அவன்? பேரச் சொல்லு.

— முல்லா வீதி ஜெய்னுலாபுதீன்.