முப்பத்தெட்டாவது கேள்வி

இல்லம்மா, உக்காருங்க, அந்த சீட்டுல யாரும் இல்ல. பையை நான் எடுத்துக்கறேன். எனக்கா? இது மூணாவது தடவை. டிரைவிங் லைசென்ஸுக்கு எழுத்துப் பரீட்சைதான், ஆமா. இதுல பாஸானாத்தான் வண்டியையே தொட விடுவாங்க. சிரிங்க, பரவாயில்ல. என் மச்சினன் வாய்விட்டே சிரிக்கறான்.

படிக்காமலாம் இல்ல. இந்தப் புத்தகத்துல இருநூறு கேள்வி. எந்தப் பக்கத்தை வேணா பிரிச்சுக் கேளுங்க, தண்ணி பட்ட பாடு. வீட்டுக்காரிதான் சொல்லிக் குடுக்கறா. சாயங்காலம் நான் கடையைச் சாத்திட்டு வந்ததும் சமையக்கட்டு மேஜைல உக்காந்துக்குவோம். தைக்கற கடைம்மா. ஜிப்பு மாத்தறது, பேண்ட் நீளம் குறைக்கறது, அந்த மாதிரி. அவ கேப்பா, நான் சொல்வேன்.

அவகிட்ட லைசென்ஸ் இருக்கு, ஒம்பது வருஷமா. நான் எப்பவும் பக்கத்து சீட்டு. ஆனா அதிகாரம் பூரா என்னுதுதான். அவனை முந்து, என்ன உருட்டிக்கிட்டே போற, ஹாரன் அடின்னு. ஸ்டியரிங் இல்லாத டிரைவர்னு மச்சினன் எனக்குப் பேரே வெச்சிருக்கான்.

இப்ப அவளால ஓட்ட முடியாது. வலது கால். பதினாலு மாசமாச்சு, முட்டி மடங்கல. வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குப் போகணும், ரெண்டு பஸ் மாறி. படி ஏறறப்போ அவ பல்லைக் கடிக்கற சத்தம் எனக்குக் கேக்கும். போன மாசத்துலேர்ந்து, பஸ்ஸும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்னுட்டா. இந்த வருஷத்துக்குள்ள மடங்கலன்னா அப்புறம் மடங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மச்சினன் வெளியூர்ல இருக்கான், அவனோட பழைய காரை எங்க வாசல்ல விட்டுட்டுப் போயிருக்கான். சும்மா நிக்குது. இன்னிக்கும் போச்சுன்னா மறுபடி எழுத நாலு மாசம் ஆகும்.

இல்ல, கேள்வியெல்லாம் கஷ்டமில்லம்மா. சொன்னா சிரிக்கக் கூடாது. அவ வரிசையாத்தான் கேப்பா. முப்பத்தாறு, முப்பத்தேழு, அப்புறம் முப்பத்தொம்பது. நடுவுல ஒண்ணு விட்டுப்போகும். முதல் நாள் கண்ணு தவறிடுச்சுன்னு நெனச்சேன். தினமும் அப்படித்தான். குரல் மாறாது, நிறுத்த மாட்டா. விரல் மட்டும் அந்த வரிமேல ஒரு நொடி நின்னுட்டுக் கீழ போகும். நான் ஏன்னு கேக்கல. கேக்காததைக் கேட்ட மாதிரியே அடுத்த பதிலைச் சொல்வேன்.

இந்த கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியுமா? ரெண்டு தடவையும் அவ விடற அந்தக் கேள்வி வந்துச்சு. விரலை ஸ்கிரீன்கிட்ட கொண்டுபோனேன். தொட முடியல. வலது பக்கத்துல யாரோ செருப்புக் காலை மெல்ல நகத்தற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா வெறும் நாற்காலி. தாண்டிப் போகவும் விடாதும்மா அது, பதில் சொன்னாத்தான் அடுத்த கேள்வி. அப்படியே உக்காந்திருந்தேன். நேரம் முடிஞ்சு தானா அணைஞ்சுடுச்சு.

என்ன கேள்வியா? பெரிய கேள்வி ஒண்ணுமில்ல. சிக்னல்ல மஞ்சள் விழுது, கோட்டுக்கு முன்னால நிறுத்த இடமிருக்கு, என்ன செய்யணும்? நிறுத்தணும். பச்சப் புள்ளையும் சொல்லும்.

அன்னிக்கும் இடமிருந்துச்சு. அவ கால் பிரேக்குக்கு வந்துடுச்சு, நான் பாத்தேன். போ, போ, இதுக்கெல்லாமா நிப்பாங்கன்னு சொன்னேன். போயிட்டா. அவ பக்கத்துலேர்ந்துதான் லாரி வந்துச்சு. எனக்கு ஒரு கீறல் கூட இல்ல. ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் வந்து எப்படிம்மா ஆச்சுன்னு கேட்டாரு. நான் கவனிக்கல சார், என் தப்புதான்னுட்டா. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் கால்மாட்டுல நின்னு பிளாஸ்க் மூடியைத் திருகிக்கிட்டே இருந்தேன், அது எப்பவோ மூடியாச்சு.