வேலைநிறுத்தம் இல்லாத வெள்ளிக்கிழமை

என் பெயர் ஒரெஸ்தே பெல்லாந்தி. தந்தை பெயர் ஆர்தெமியோ, காலஞ்சென்றவர். வயது ஐம்பத்தெட்டு. பொலோன்யா நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், மனைவி லொரெதானாவுடன் குடியிருந்து வருகிறேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை. தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர். இன்று மதியம் இதே நெடுஞ்சாலைக் காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, யாருடைய தூண்டுதலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டு விடுமுறைக்கு லேச்சே நகரில் உள்ள மைத்துனர் வீட்டுக்கு ரயிலில் போவது எங்கள் வழக்கம். எங்கள் இருவருக்கும் கட்டணம் கிடையாது. இந்த ஆண்டு காரில் போகலாம் என்றேன். வசந்த காலத்தில் புதுக் கார் வாங்கியிருந்தேன். அதை மைத்துனர் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மனைவியிடம் சுதந்திரம், கடற்கரை, நினைத்த இடத்தில் நிறுத்துவது என்று பலவும் சொன்னேன்.

"ஓசி ரயில் இருக்கறப்போ, ஆகஸ்டுல அந்த ரோட்டுல எவனாவது போவானா? உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று அவர் கேட்டார்.

நாங்கள் புறப்படும் வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, ரயில் வேலைநிறுத்தம் என்று சொன்னேன். எங்கள் நாட்டில் வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வருவதால் அவர் சந்தேகப்படவில்லை. எந்தச் சங்கம் என்று மட்டும் கேட்டார். என் சங்கத்தின் பெயரையே சொன்னேன். "அப்போ சரி. நம்ம ஆளுங்களுக்கு நாம துரோகம் பண்ணக் கூடாது" என்று சொல்லிப் பெட்டியைக் கார் டிக்கியில் வைத்தார்.

அதன்பின் இன்று காலை புறப்பட்டோம். ரிமினிக்கு முன்பே நெரிசலில் வண்டிகள் நின்றன. அதன்பின் நின்று நின்று அங்கோனாவைத் தாண்டி, சாலையும் தண்டவாளமும் கடலை ஒட்டிப் பக்கத்தில் வரும் இடத்தில் அசையாமல் நின்றபோது, தெற்கு நோக்கி ஒரு விரைவு ரயில் போனது. வேலைநிறுத்த நாளிலும் சட்டப்படி சில வண்டிகள் ஓடியாக வேண்டும் என்று விளக்கினேன். அந்த விதி உண்மையானது என்பதால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அதன்பின் இன்னொரு வண்டி போனது. அதன்பின் புதுக் கார்களை ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று போனது.

"காருகூட ரயில்லதான் போகுது, ஒரெஸ்தே" என்றார் மனைவி.

அதன்பின் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தி, நான் காப்பி வாங்க வரிசையில் நின்றேன். கண்ணாடி வழியாக, முலாம்பழ லாரி ஓட்டுநர் ஒருவரிடம் மனைவி பேசுவதைப் பார்த்தேன். காப்பியுடன் திரும்பியபோது மனைவியும் இல்லை, அவர் கைப்பையும் இல்லை. கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. எங்கே போயிருப்பார் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதை மைத்துனரிடம் சொல்வதைவிட, மனைவியைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் சொல்வது எளிதாக இருந்தது. வேலைநிறுத்தத்தால் காரில் வந்தோம் என்றும் புகாரில் சேர்த்தேன்.

அவரோடு யாராவது பேசினார்களா என்று கேட்டார்கள். லாரி ஓட்டுநரைச் சொன்னேன். ஆள் வெளிநாட்டவரா என்று கேட்டார்கள். பேச்சு அப்படித்தான் இருந்தது என்றேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவர் பேச்சு கேட்கவே இல்லை.

அதன்பின் லாரியை வழிமறித்து, ஃபோஜா நகரில் பல ஆண்டுகளாக வசித்துவரும் ருமேனியரான தோரின் என்பவரை அழைத்து வந்தார்கள்.

"அந்தம்மா ஸ்டேஷனுக்கு வழி கேட்டாங்க. அந்த ஓய்விடத்துப் பின்பக்க கேட்டுல இறங்கினா ஸ்டேஷன் பஸ் வரும்னேன். அவ்வளவுதாங்க" என்றார் அவர்.

"ரயிலே ஓடாத நாள்ல ஸ்டேஷனுக்கு எதுக்குய்யா வழி கேக்கணும்? யாருகிட்ட கதை விடறே?" என்றார் இன்ஸ்பெக்டர் த்ராவாலினி.

தோரினை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். லாரி வெயிலில் நின்றது. ரயில் ஓடுகிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பதே போதுமானதாக இருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தம் என் பொய் என்று சொல்லவில்லை.

மாலையில் மனைவியின் கைபேசி தொடர்பில் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அனைவரும் கேட்கும்படி வைத்துப் பேசினார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"லேச்சே ஸ்டேஷன்ல. இப்பதான் இறங்கினேன்."

"இன்னைக்கு ஸ்ட்ரைக்காச்சே?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க. சங்கத்துக்குச் செயலாளரே அவர்தானே."

அதன்பின் தோரினை விடுவித்தார்கள். நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்ன ஸ்ட்ரைக்கை எல்லாரும் நம்பினாங்க சார். நான் சொன்ன பஸ்ஸை ஒருத்தரும் நம்பல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன். முதலில் தேவையில்லை என்றார்கள், பிறகு எழுதினார்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. மதியம் கொடுத்த புகாரில் என் பெயரும் முகவரியும் மட்டுமே உண்மை. இதில் உள்ளவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஒரெஸ்தே பெல்லாந்தி