பதினோரு பவுண்டு

சூரியன் விழுந்து அரை மணி நேரம். ஆற்றோரப் பருத்திக் காட்டிலிருந்து, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின் கொட்டகைக்குப் போகும் வண்டித்தடம்... ஆள் அரவம் இல்லை. என் மனைவியின் அத்தை வைனி, தலையில் கூடையோடு தனியாக வருகிறாள். எங்கள் கறுப்பு ஜனத்துக்கு அடிமை விடுதலை வந்து ஆறாவது அறுவடை அது. நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு புதிர். கொட்டகை வாசலில் கூடையைத் தூக்குக்கோலில் மாட்டினால் பதினோரு பவுண்டு கூடுதலாகக் காட்டும். உள்ளே கொட்டி மறுபடி நிறுத்தால் அந்தப் பதினொன்று இருக்காது. தினமும் அதே பதினொன்று.

தூக்குக்கோல் எளிய சாதனம்தான். ஒரு முனைக் கொக்கியில் கூடை. மறுபக்கம் நீண்ட தண்டு, அதில் நகரும் இரும்புக் குண்டு. தண்டு கிடையாக நிற்கும்போது குண்டு எந்தக் கோட்டில் இருக்கிறதோ, அதுதான் எடை. அது தானாகப் பொய் சொல்லாது. பனி ஈரமோ என்று வைனி பஞ்சை வெயிலில் உலர்த்தினாள். கூடையை மாற்றினாள். பக்கத்து வரிசையில் பறிக்கும் வயதான சூக்கியின் கூடை அதே கொக்கியில் சரியாகவே நின்றது.

எடை போட்டவன் ராலின்ஸ். அடிமைக் காலத்தில் அதே கோலைப் பிடித்திருந்த மேஸ்திரி. பண்ணைக்காரர் அந்த வருடம்தான் அவனைத் திரும்பக் கூட்டிவந்திருந்தார். அன்றைக்கு, வைனி கூடையடியில் கல் வைத்து ஏமாற்றுகிறாள் என்றான். நாளையும் கூடினால் போலீஸ் அதிகாரி ஷெரீஃபிடம் பிடித்துக் கொடுப்பேன் என்றான். அப்படிப் பிடிபட்டவர்களை ரயில் பாதை போட வாடகைக்கு விடுவார்கள், காலில் சங்கிலியோடு. எங்கள் பக்கத்திலிருந்து போனவர் ஒருவரும் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் வைனி இதைச் சூக்கியிடம் சொன்னாள். "உன் நாக்கையும் சேத்து நிறுக்கிறானோ என்னவோ, அதுவே கனம்டி" என்றாள் சூக்கி. பிறகு எத்தனை பவுண்டு என்று கேட்டாள். பதினொன்று என்றதும்... நின்றுவிட்டாள்.

"சின்னப்பிள்ளைல நல்லா பறிப்பேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தியே, அது உன் கை இல்லடி. உங்கம்மா லெட்டி தினமும் தன் கூடைலருந்து பதினோரு பவுண்டு அள்ளி உன்னுதுல போடுவா. குறைஞ்சா சவுக்கடி இல்லையா... அவ கூடைதான் குறையும்."

லெட்டி செத்தது அந்தச் சவுக்கடியில்தான்.

மறுநாள், கொட்டகை வாசல். பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாடை. கொக்கி கிரீச்சிட்டது. ராலின்ஸ் குண்டை நகர்த்தினான்... மறுபடியும் பதினொன்று கூடுதல். வைனி கூடையோரம் குனிந்தாள்.

"அம்மா, விடுதலை வந்துருச்சும்மா. இனி யாரும் சவுக்கெடுக்க மாட்டாங்க. கையை எடு."

தண்டு அசையவில்லை. கூடை விளிம்பில் பிரம்பு நெரியும் சத்தம் மட்டும்... யாரோ இன்னும் பலமாக அழுத்துவதுபோல. ஷெரீஃபைக் கூட்டிவர ராலின்ஸ் ஆள் அனுப்பத் திரும்பினான்.

"அம்மா... இப்ப முறை வேற. அப்ப குறைஞ்சா அடிச்சாங்க. இப்ப கூடினா சங்கிலி போட்டுக் கொண்டுபோயிருவாங்க. என்னை விட்டுரும்மா."

நெரியும் சத்தம் நின்றது. கூடை மெல்ல மேலே எழுந்தது. ராலின்ஸ் குண்டைப் பதினோரு கோடு பின்னால் தள்ளினான்.

அந்த அறுவடை முழுக்க வைனி அப்படித்தான் செய்தாள். கூடையை மாட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். விடுதலை என்று சொன்னால் லெட்டி நம்புவதில்லை. சங்கிலி என்று சொன்னால் உடனே கையை எடுத்துவிடுவாள். எடை சரியாக வரும்.