அமீன் என்று எழுதிய கை

வேட்டு. காலை ஒன்பது நாற்பது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன்.

எப்படி வந்தேன், தெரியவில்லை. முழங்கை சிராய்த்திருக்கிறது. வாயெல்லாம் தூசி. இன்னொரு வேட்டு. தரை அதிரவில்லை. குண்டு என்றால் முதலில் தரைதான் சொல்லும். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, உடம்பு கேட்டால்தானே. இது பஸ்ரா இல்லை, சங்கரன்கோவில். ஆடித்தபசுக்குக் கோயில் வாசலில் வேட்டுப் போடுகிறார்கள். ஊரே தெருவில் நிற்கிறது. நான் மட்டும் இங்கே, எலி மாதிரி.

"சார், வெளிய வாங்க! கோயில் வேட்டு அது!"

சுலைகாவின் குரல். இங்கிருந்து அவர் கால்கள் மட்டும் தெரிகின்றன. கடையநல்லூரிலிருந்து, திருவிழாக் கூட்டத்தில் நசுங்கி, பஸ்ஸில் வந்திருக்கிறார். பத்து மாதத்தில் இது ஐந்தாவது தடவை. கணவர் மசூது உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? இதைக் கேட்கத்தான் வருகிறார். நாலு தடவையும் ஒரே பொய்தான் சொன்னேன். நான் எதையும் பார்க்கவில்லை.

பார்த்தேன்.

நான் மானிடவியல் ஆராய்ச்சி மாணவன். கடையநல்லூர் முஸ்லிம்கள் அரபு நாட்டில் எப்படி வாழ்கிறார்கள், அரபிகள் அவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் ஆய்வு. முதலில் ஆறு மாதம் மசூது வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பிறகு அவரோடே பஸ்ராவுக்குப் போனேன். துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் அவருக்கு வேலை. அவரும், கூட வேலை பார்த்த ஊர்க்காரர்கள் கனியும் பீர் முகம்மதும் தங்கிய அறையில் ஒரு மூலை எனக்கு. அங்கே ஒரு வருடம்.

ஆய்வில் யாருடைய உண்மைப் பெயரையும் எழுதக்கூடாது. என் பேராசிரியர் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தகவல் சொன்னவனுக்கு நம்மால் கெடுதல் வந்துவிடக்கூடாதாம். அதனால் ஆளுக்கு ஒரு பொய்ப் பெயர். மசூது, அமீன் ஆனார். கனி, ஜாபர் ஆனார். பீர் முகம்மது, யூசுப். ஒன்றரை வருடம் தினமும் அப்படியே எழுதினேன். ஒரு நாள் மசூது நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அமீனா? என் மாமனார் பேருல்லா அது! வேற பேரே கிடைக்கலியா ஒமக்கு?"

1980. செப்டம்பர் கடைசி. ஈரானோடு போர் தொடங்கி நாலாம் நாள், வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு விமானச் சத்தம். கீழ்ஸ்தாயியில் ஒரு உறுமல். பிறகு தரை. பிறகு கண்ணாடி. மசூதும் கனியும் பீர் முகம்மதும் கிட்டங்கியில் மாட்டிக்கொண்டார்கள். துறைமுக வாசலில் ராணுவக் காவல். பட்டியலில் பெயர் இல்லாத ஒருவனையும் வெளியே விடுவதில்லை. லாரி ஓட்டுகிற பஸ்ராக்காரன் ஹசன், எழுத்து தெரியாதவன், எங்கள் அறைக்கு ஓடி வந்தான்.

"உங்க ஆளுங்க பேரு! சீக்கிரம்! அரபியில எழுது! வாசல்ல குடுத்துக் கூட்டிட்டு வர்றேன்!"

அரபி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மடியில் நோட்டு. கையில் பேனா. தலைக்கு மேலே மறுபடி உறுமல். எழுதினேன். கிழித்துக் கொடுத்தேன். பத்து இருபது.

பத்து ஐம்பதுக்கு லாரி திரும்பியது. காலி.

நான் எழுதிய பெயரில் அங்கே ஆளே இல்லை என்றான் ஹசன். வேறு மூன்று பேர்தான் வாசலுக்கு வந்து கெஞ்சினார்களாம். அடையாள அட்டையில் வேறு பெயர். காவலர்கள் துப்பாக்கிக் கட்டையால் தள்ளி உள்ளே விரட்டிவிட்டார்களாம்.

நோட்டைத் திறந்தேன். கிழிந்த தாளுக்கு அடுத்த தாளில் பேனா அழுந்திய தடம். அமீன். ஜாபர். யூசுப்.

அட பாவி. அட படுபாவி.

சரியான பெயர்களை இன்னொரு சீட்டில் எழுதிக்கொண்டு அவனோடு லாரியில் ஏறினேன். வாசல் தெரிந்தது. பதினொன்று ஐந்து. ஹசன் கத்தினான். "படு! கீழே படு!" ஒரு சீழ்க்கை. பிறகு சத்தமே இல்லை. நீண்ட நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. புகை விலகியபோது கிட்டங்கிக்குக் கூரை இல்லை. மூன்று பேரையும் பார்த்தேன். மசூதின் முகம் தெரியவில்லை. அவர் எப்போதும் இடுப்பில் கட்டும் அகலமான பச்சை வாரைப் பார்த்தேன். அது போதும்.

அட்டைகள் எரிந்துபோயின. காவலர் கையில் என் முதல் பட்டியல் மிஞ்சியது. கம்பெனி அதைப் பார்த்தே காகிதம் தயாரித்தது. இறந்தவர்கள்: அமீன், ஜாபர், யூசுப். மசூது, கனி, பீர் முகம்மது: காணவில்லை. நான் திருத்தியிருக்கலாம். இரண்டாவது சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுத்தால் முதல் சீட்டை எழுதியது யார் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

வேட்டு.

"ஜமாத்துல சொல்லிட்டாக சார். கண்ணால பாத்த ஆளு வந்து சொன்னாத்தான் மவுத்துன்னு எழுதுவாகளாம். அதுவரை நான் இத்தா இருக்க முடியாது. தாலி... கருகமணியக் கழத்தவா, போடவா? நான் பொஞ்சாதியா, கைம்பெண்டாட்டியா? என்னத்தச் சொல்லுதது எம் புள்ளைகளுக்கு?"

இத்தா என்றால், கணவன் இறந்தபின் மனைவி ஒதுங்கி இருக்கும் நாலு மாதம் பத்து நாள். அதைப் பற்றி நான் பதினேழு பக்கம் எழுதியிருக்கிறேன். பெரிய மேதாவி.

கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே சொன்னேன். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. லாரி, சீட்டு, பச்சை வார், எல்லாவற்றையும் சொன்னேன். கால்கள் அசையவில்லை. பிறகு மடங்கின. தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல்முறையாக முகம் தெரிந்தது.

"ஆறு மாசம் எங்க வீட்டுச் சோத்தத் தின்னீரு. எங்க பேரு ஒம்ம கையில வரலியா?"

 

வெகுநேரம் அழுதார். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்தார்.

"எந்திரியும். பன்னெண்டு மணிக்கு பஸ். ஜமாத்துல வந்து சொல்லும்."

எழுந்தேன். ஊர் முழுக்கக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எதிர்த்திசையில் நடந்தோம். வழியில் ஒரு வேட்டுக்கு நான் சாக்கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவர் நின்றார். திட்டவில்லை. கை கொடுக்கவும் இல்லை. நானாக எழும்வரை காத்திருந்தார்.

கடையநல்லூரில் பெரியவர்கள் முன்னால் அந்த இரண்டாவது சீட்டை வைத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. மூன்று பெயரையும் உரக்க வாசித்தேன். கனியின் அண்ணன் எழுந்து வெளியே போனார். பீர் முகம்மதுவின் வாப்பா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அன்று மாலை சுலைகா இத்தாவில் அமர்ந்தார்.

இறந்தவர்கள் மூன்று பேர். வாப்பா இல்லாமல் போன பிள்ளைகள் ஏழு. என்னால் வீணாகப் போன மாதங்கள் பத்து. கேட்காமலே போனது என் இடது காது. பதினோரு நோட்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில்கூட மசூது என்ற பெயர் இல்லை.