நடுவில் நின்ற முள்

உங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட் கத்துகிறது சார். என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே கேட்டேன். அந்த ரப்பர் வார்தான் தண்ணீர் பம்பைச் சுற்றுகிறது. அது தளர்ந்தால் இன்ஜின் கொதித்துவிடும். சீக்கிரம் மாற்றிவிடுங்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை, ஒருவரைத் தவிர.

ஜீவரத்தினம் சாரைப் பற்றித்தானே கேட்டீர்கள். கிழக்குத் தாம்பரத்தில் நான் ஷெட் போட்ட நாளிலிருந்து அவர் காரை நான்தான் பார்க்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் கார். பெண்டாட்டிக்குப் பவுடர் வாங்கித் தராதவர் காருக்கு மட்டும் பாலிஷ் போடுவார் என்று எங்கள் மாதா கோயிலில் கேலி உண்டு. ஆபீசில் சூப்பிரண்டு. கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். பூசைக்கு அவர் முதல் பெஞ்சு, நான் கடைசி பெஞ்சு.

போன மழைக்காலத்தில் அந்தக் காரில் சூடு காட்டும் முள் கெட்டுப்போனது. சாவி போட்டதுமே உச்சிக்குப் போய் நிற்கும். இன்ஜினைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்வது இன்ஜினில் செருகியிருக்கும் ஒரு சின்ன பித்தளைத் துண்டு. யூனிட் என்போம். அதன் ஒயரைக் கழற்றினேன், முள் இறங்கியது. அப்படியானால் முள்ளிலும் ஒயரிலும் குற்றமில்லை, யூனிட்தான் உள்ளே செத்திருக்கிறது. சந்தேகம் தீர, என் தங்கை அமலராணி சோற்றுக்கு வைத்த உலையிலும் போட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரும் கொதிக்கிற தண்ணீரும் அதற்கு ஒன்றாகவே இருந்தன. புதுசு எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் வேறு காரிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கி, சோதித்து, பழசு என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அமலராணிக்குக் கூடுவாஞ்சேரியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் ஜீவரத்தினம் சார் முதல் பெஞ்சில் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் அப்பா, குடும்பம் எப்படி என்று அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அதற்கு இவர், என் காரிலிருந்த நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டு ஓட்டைப் பித்தளையை மாட்டினான், அந்த வீட்டுக் கை சுத்தமில்லை என்றிருக்கிறார்.

மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை. சாமியார் வேறு வீட்டுப் பெண்ணின் பெயரைப் படித்தார். அமலராணி முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, பூசை முடியும்வரை முழங்காலிலேயே இருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் ஒரே ஒரு வாயின் மேல்தான். அது இன்னும் ஆறவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம், அப்படிச் சொன்ன அதே வாயோடு, அவர் என் ஷெட்டுக்கு வந்தார். வேறு யாருக்கும் அந்தக் கார் பிடிபடாது.

"யேசுதாசா, முள்ளு மறுபடி மேல ஏறுது. நீ போட்ட பித்தளையோட லட்சணம் இது. என்ன பண்ணுவியோ தெரியாது, எனக்கு முள்ளு ஏறக் கூடாது."

மத்தியானம் வருகிறேன் என்று நடந்து போய்விட்டார். நான் பார்த்தேன். யூனிட் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபேன் பெல்ட் தேய்ந்து தொளதொளவென்று கிடந்தது, இன்ஜின் நிஜமாகவே கொதித்தது. பெல்ட்டை மாற்றினால் முள் தானாக இறங்கும். மாற்றுப் பெல்ட் சுவரில் தொங்கியது.

ஆனால் அவர் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே சார். முள் ஏறக் கூடாது என்றுதான் சொன்னார். பழைய ரேடியோ ஒன்றில் இருந்த, கரண்டை மட்டுப்படுத்துகிற சின்ன ரெசிஸ்டரை எடுத்து, யூனிட்டுக்குப் போகிற ஒயரை வெட்டி அதில் சேர்த்து, மறுமுனையை பாடியோடு முறுக்கிவிட்டேன். முள் நடுவில் வந்து நின்றது. இனி இன்ஜின் எரிந்தாலும் அது நடுவில்தான் நிற்கும். வேலை சுத்தமாக இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும் முள்ளைப் பார்ப்பார். அது நடுவில் இருந்தால் இறங்கிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பார். மனிதர்களை நம்பமாட்டார், முள்ளை நம்புவார்.

மத்தியானம் வந்தார். முள்ளைப் பார்த்து அவருக்குத் திருப்தி. ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கூடுவாஞ்சேரிக்குத்தான் போறேன். அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன். மனசுல வச்சுக்காதே."

நாய்க்கு ரொட்டித் துண்டு போடுகிற குரலில் சொன்னார். என் தங்கைக்கு மூன்றாம் ஓலை இவர் போடுகிற பிச்சையா என்று எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பானெட்டைத் திறவுங்கள் சார், ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல நேரம் இருந்தது. நான் பானெட்டை ஒருமுறை தட்டி, போகலாம் என்று கை காட்டினேன்.

வண்டலூர் தாண்டி ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்றிருக்கிறது. அப்புறம் அவர் மூடியைத் திறந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். முகத்தின் தோல் ஆறிவிடும், கண் இரண்டும் திரும்பாது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

கண்ணை நான் நினைக்கவே இல்லை. வெயிலில் நடுரோட்டில் நிற்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். முள்ளைப் பொய் சொல்லவைத்தேன், பெல்ட்டை விட்டேன், வழியில் நிற்கும் என்று தெரிந்தே அனுப்பினேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் எதுவும் இல்லை என்றுதான் கையெழுத்துப் போட இருந்தேன்.

ஆனால் என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சூடேறுகிற பழைய வண்டி எதுவானாலும் ரேடியேட்டர் மூடி மேல் ஒரு கோணித் துண்டை மடித்துக் கட்டித்தான் அனுப்புவேன். யாரும் வெறுங்கையால் திறந்துவிடக் கூடாது. ஆவி அடித்தாலும் கோணியில் அடிக்கட்டும். துண்டுகளை வெட்டி ஓரம் தைத்துத் தருவது அமலராணி. ஜீவரத்தினம் சார் காருக்கும் அவள் தைத்ததுதான்.

நேற்று நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது அவள் அழவில்லை. வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, சார் காருல நான் தெச்சுக் குடுத்த கோணி இருந்துதே, அது எங்க?"

அழுக்காக இருந்தது, துவைத்துக் கட்டலாம் என்று அன்றைக்குக் காலையில் கழற்றினேன் என்றேன். அதுதான் உண்மை சார். நீங்களே போய்ப் பார்க்கலாம், ஷெட்டில் ஆணியில்தான் மாட்டியிருக்கிறது. இன்னும் துவைக்கவில்லை.