மூடியிருக்கு மச்சான்

எனக்கு உயரம் என்றால் பயம் சார். பரணில் இருக்கும் பெட்டியை எடுக்கக்கூட என் மனைவிதான் நாற்காலி போட்டு ஏறுவாள். நான் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இப்படிப்பட்டவனுக்குத்தான் ஆலையில் கருவிப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். கருவிகளையெல்லாம் குழாய்களின் உச்சியில் கொண்டுபோய் மாட்டியிருந்தார்கள்.

என் மனைவியின் அண்ணன் அதே ஆலையில் ஃபிட்டர். வீட்டில் மேல்மாடி மச்சானுக்கு, கீழே நாங்கள். நீராவிக் குழாயில் எதைக் கழற்றுவதானாலும், முதலில் ஏணியில் ஏறி, வால்வு மூடியிருக்கிறதா என்று அதன் தண்டைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். கட்டுப்பாட்டு அறைத் திரை என்ன காட்டினாலும் சட்டை செய்ய மாட்டார். "மாப்பிள்ளைக்கு வேலை என்னன்னா, பொட்டியைத் தட்டுறது. அது சொல்றதைத் திருப்பிச் சொல்றது" என்பார் கேன்டீனில், என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ரோஷக்காரன் என்று வேறு பெயர் வரும்.

இனி யாரும் ஏற வேண்டாம் என்றுதான் வயர் இல்லாத நிலைகாட்டியை வாங்கினார்கள். வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அதுவே திரைக்குச் சொல்லிவிடும். ஆனால் முதலில் நாம் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வால்வை முழுக்க மூடி, கையில் இருக்கும் கம்யூனிகேட்டர் கருவியில் 'இதுதான் மூடிய நிலை' என்று பதிய வேண்டும். பிறகு முழுக்கத் திறந்து அதையும் பதிய வேண்டும். அதற்கு ஒரு தடவை ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினேன். ஒரு கையால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மறு கையால் பட்டனைத் தட்டினேன்.

வால்வு முழுக்க மூடவில்லை. விரல் கனம் மிச்சம் வைத்து நின்றுவிட்டது. ஆவி கசியாமல் இருக்கத் தண்டைச் சுற்றி அடைத்திருந்த பேக்கிங் இறுகிப்போயிருந்தது. மச்சானைக் கூப்பிட்டிருந்தால் சட்டென்று தளர்த்திக் கொடுத்திருப்பார். கூடவே கேன்டீனுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய சிரிப்பையும் கொடுத்திருப்பார். அவர் வரும்வரை மேலே நிற்கவும் என்னால் ஆகாது. அந்த அரைகுறை நிலையையே 'மூடிய நிலை' என்று பதிந்துவிட்டு இறங்கினேன். திரையில் அழகாக 'மூடியது' என்று வந்தது. மேலாளர் கை குலுக்கினார்.

போன வாரம் அந்த வால்வுக்குப் பிறகு வரும் குழாய் ஜாயின்ட் கசிந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வால்வை மூடினார்கள், திரையிலும் 'மூடியது' என்று வந்தது. அன்று மச்சானுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதை நானே பார்த்தேன். குழாயில் ஆவி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வடிகுழாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அது துருப்பிடித்து அடைத்திருந்ததாகப் பிறகு நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அந்தக் குழாயையும் கொஞ்சம் விசாரிக்கலாம் சார். மச்சான் ஏணியைப் பார்த்தார், முழங்காலைத் தடவினார், பிறகு எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ளை, என்னால ஏற முடியல. நீ சொல்லு, மூடியிருக்கா?"

கிண்டல் இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சுற்றி நின்ற ஹெல்ப்பர்கள்கூட என் வாயையே பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் போய், 'இல்லை மச்சான், நான் தப்பாகப் பதிந்துவிட்டேன்' என்று சொல்ல எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

"மூடியிருக்கு மச்சான்" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றார்.

அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவர் ஆவியில் வெந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடம்பைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்க்க என் மனைவியை விடவில்லை. "ஏறிப் பாக்காம அண்ணன் ஒருநாளும் கை வைக்க மாட்டாரே, அன்னைக்கு மட்டும் யாரை நம்புனாரு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

தப்பாகப் பதிந்தது மறந்துபோய்விட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒன்றுதான் இடிக்கிறது. மச்சான் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தபோது, மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் மட்டும் ஓசைப்படாமல் நகர்ந்து, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.